பிறந்த குஞ்சில் சேவல் எது, பெட்டை எது?

கேள்வி: ஐயா, வீட்டுக் கொல்லையில் கொஞ்சம் கோழி வளர்க்கிறேன். ஒரு சிவப்புச் சேவல், மூன்று கறுப்புப் பெட்டைகள், உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட வரிக்கோழி ஒன்று. உருண்டை முட்டையில் பெட்டை பிறக்கும் என்று கேள்விப்பட்டு, பொறுக்கிப் பொறுக்கி 15 முட்டை அடை வைத்தேன். 12 பொரித்தன. இரண்டாம் நாள் இறக்கையை விரித்துப் பார்த்தேன். பத்துக் குஞ்சுகளுக்கு இறகு நீளமாக இருந்தது. அவை பெட்டை என்று வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் ஆன பிறகு பார்த்தால் என்னிடம் இருக்கும் பத்தில் எட்டு சேவல். கொடுத்த இரண்டும் பெட்டை! இப்போது 20 நாள் வயதில் 14 குஞ்சுகள் இருக்கின்றன. எச்சத்துவாரத்தை அழுத்திப் பார்த்தால் தெரியும் என்கிறார்கள். செய்யலாமா? வேறு வழி உண்டா? இன்னொன்று: வயதான கறுப்புப் பெட்டை ஒன்று முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, சில நாளாகக் கூவுகிறது. அது ஏன்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, பக்கத்து வீட்டுக்குப் போன இரண்டு பெட்டைகளை நினைத்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். இரண்டாம் முறை படித்தபோதுதான், நீங்கள் தேடும் விடை உங்கள் கொல்லையிலேயே மேய்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. அதை நீங்கள் போகிறபோக்கில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உருண்டை முட்டை.

இந்த நம்பிக்கைக்கு ஈராயிரம் வருட வயது. வேடிக்கை என்னவென்றால் பழைய ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. கூர் முட்டையில் பெட்டை என்று அரிஸ்டாட்டில் எழுதினார். கூர் முட்டையில்தான் சேவல் என்று ரோமானியரான கொலுமெல்லா எழுதினார். இரண்டுமே தவறு. கோழியில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தாய். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. மஞ்சள் கரு சூலகத்தை விட்டுக் கழலும் தறுவாயில், அதற்குள் இசட் தங்குகிறதா டபிள்யூ தங்குகிறதா என்பது முடிந்துவிடுகிறது. ஓடு கட்டுவது பல மணி நேரம் கழித்து, வேறோர் இடத்தில் நடக்கும் வேலை. உள்ளே இருப்பது யார் என்று ஓடு கட்டும் குழாய்க்குத் தெரியாது. தவிர, ஒரு பெட்டை இடும் முட்டைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வடிவில்தான் இருக்கும். வடிவம்தான் பாலைச் சொல்லும் என்றால், உருண்டை முட்டையிடும் கோழி ஆயுசுக்கும் ஒரு சேவல்கூடப் பெறக்கூடாது. அப்படி ஒரு கோழியை நான் பார்த்ததில்லை. முட்டைமேல் நூலில் மோதிரம் கட்டி ஆட்டிப் பார்ப்பதும், குஞ்சைத் தலைகீழாகத் தூக்கி அது தலையை நிமிர்த்துகிறதா என்று பார்ப்பதும் இதே ரகம். அடைப்பெட்டியின் சூட்டைக் கூட்டினால் சேவல் குறையும் என்பது ஆமை, முதலைக் கதையைக் கோழிக்கு ஒட்டியது. அவற்றின் முட்டையில் சூடுதான் பாலைத் தீர்மானிக்கும். கோழியில் சூடு தவறினால் கரு சாகும், அவ்வளவுதான்.

அப்படியானால் 12-இல் எட்டு சேவல் ஏன் வந்தன? எதனாலும் இல்லை. பூவா தலையா என்று நாணயத்தை 12 முறை சுண்டிப் பாருங்கள். எட்டு முறையோ அதற்கு மேலோ பூ விழும் வாய்ப்பு சுமார் 19 விழுக்காடு. அதாவது இதே அளவில் ஐந்து முறை அடை வைத்தால், அதில் ஒரு முறை இப்படிச் சேவலாக வந்து நிற்கும். அடுத்த முறை பெட்டையாக வந்து நின்றால் அதற்கும் உருண்டை முட்டைக்குப் பேர் கொடுத்துவிடாதீர்கள். இந்த நம்பிக்கை இத்தனை காலம் உயிரோடு இருப்பதே இப்படித்தான்: பாதி நேரம் பலிக்கும்.

இறக்கை விஷயம் வேறு. அது பொய் இல்லை. உங்கள் குஞ்சுகளுக்குப் பொருந்தாத உண்மை. ஒரு நாள் குஞ்சின் இறக்கையை விசிறிபோல விரித்தால் இரண்டு வரிசை தெரியும். கீழே முதன்மை இறகுகள், அவற்றின் வேர்ப்பக்கத்தை மூடியபடி மேலே சிறிய மூடு இறகுகள். கீழ்வரிசை தெளிவாக நீண்டிருந்தால் பெட்டை. இரண்டும் சமமாகவோ மேல்வரிசை நீண்டோ இருந்தால் சேவல். இப்படித்தான் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். ஆனால் இது எல்லாக் குஞ்சுக்கும் பிறப்பிலேயே அமைந்த வேறுபாடு அல்ல; பெற்றோரைத் திட்டமிட்டுச் சேர்த்தவர்கள் வரவழைத்த வேறுபாடு. இறகு மெதுவாக வளரச் செய்யும் மரபணு ஒன்று இசட் குரோமோசோமில் இருக்கிறது. இறகு வேகமாக வளரும் சேவலை, மெதுவாக வளரும் பெட்டையோடு சேர்த்தால் மட்டுமே மகள்கள் வேகமாகவும் மகன்கள் மெதுவாகவும் இறகு விடுவார்கள். தாய் தகப்பன் இருவருமே வேக இறகு வகை என்றால் எல்லாக் குஞ்சுக்கும் நீள இறகுதான், சேவலுக்கும் சேர்த்து. உங்கள் பத்தில் நடந்தது பெரும்பாலும் இதுதான். அந்த இரண்டு குஞ்சுகளுக்கு இறகு குட்டையாக இருந்ததற்கு, அவை மற்றவற்றைவிட அரை நாள் தாமதமாகப் பொரித்தது காரணமாக இருக்கலாம். தாமதமாக வந்தவற்றுக்கு இறகும் தாமதமாகத்தானே வளரும். கலப்புப் பெற்றோராக இருந்தால் மெது இறகு மரபணு அந்த இரண்டில் மட்டும் இறங்கியிருக்கவும் கூடும். எப்படிப் பார்த்தாலும் அது பாலைக் காட்டவில்லை. சரியாக அமைந்த கலப்பிலேயே இந்த வேறுபாட்டை முதல் இரண்டு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு சேவலின் இறகும் எட்டிப் பிடித்துவிடும்.

அடுத்து, எச்சத்துவாரம். 20 நாள் குஞ்சில் வேண்டாம். ஒரு நாள் குஞ்சிலும் நீங்கள் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. இது முழுக்க மெய்யான முறைதான். ஜப்பானில் மசுய், ஹஷிமோட்டோ ஆகிய ஆய்வாளர்கள் 1920-களில் விளக்கியது. எச்சத்துவாரத்தின் உட்சுவரில், வயிற்றுப் பக்கமாக, கடுகைவிடச் சின்னதாக ஒரு முண்டு இருக்கும். சேவலில் அது உருண்டு, பளபளப்பாக, விறைப்பாக இருக்கும். விரலால் தடவினாலும் அமுங்காது. பெட்டையில் தட்டையாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஒரு பகுதிப் பெட்டைகளிலும் முண்டு இருக்கும், ஒரு பகுதிச் சேவல்களில் அது சப்பையாக இருக்கும். அந்த நடுவாந்தர வகைகளில்தான் கைதேர்ந்தவருக்கும் கற்றுக்குட்டிக்கும் வித்தியாசம் தெரியும். தேர்ந்தவர்கள் மணிக்கு ஆயிரம் குஞ்சு வரை பிரிப்பார்கள். எப்படித் தெரிகிறது என்று கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரியாது. 1987-இல் பீடர்மன், ஷிஃப்ரார் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். முன்பின் குஞ்சு பிரித்தறியாதவர்களிடம் படங்களைக் கொடுத்தபோது, குத்துமதிப்பாகச் சொல்வதைவிடச் சற்றே மேலாகத்தான் விடை வந்தது. எங்கே பார்ப்பது, குவிந்திருக்கிறதா தட்டையா என்று எப்படிப் பார்ப்பது என ஒரு சிறு குறிப்பைக் கொடுத்ததும் விடைகள் ஏறக்குறைய வல்லுநர் அளவுக்கு உயர்ந்தன. ஆகவே கண்ணுக்குக் கற்றுத் தர முடியும். ஆனால் அவர்கள் பார்த்தது படத்தை. கையில் துடிக்கும் குஞ்சை ஒரு நொடியில் பிதுக்கி, எச்சத்தை வெளியேற்றி, அந்த இடத்தைத் திறந்து காட்டும் வேலையை விரல்தான் கற்க வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கான குஞ்சுகள் கை மாற வேண்டும், தவறும்போது திருத்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரு நாள் குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள் கருப் பை இன்னும் இருக்கும். அழுத்தம் கூடினால் அது உடையும், குடல் பிதுங்கும். வருடத்துக்கு இரண்டு மூன்று அடை வைப்பவர் இதைக் கற்றுத் தேறுவதற்குள் எத்தனை குஞ்சை இழப்பார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நானே மாணவனாக இருந்தபோது ஒரு பெட்டிக் குஞ்சுகளைப் பிரித்தேன். கண்ணை மூடிக்கொண்டு பிரித்திருந்தாலும் அதே பலன்தான் வந்திருக்கும்.

இனி உங்கள் வரிக்கோழிக்கு வருகிறேன்.

மேலே சொன்ன இசட் கணக்கை மறுபடி பாருங்கள். பெட்டைக் குஞ்சுக்கு இருக்கும் ஒரே இசட், தகப்பனிடமிருந்து வந்தது. தாயின் இசட் மகன்களுக்கு மட்டுமே போகும். ஆகவே இசட்டில் உட்கார்ந்திருக்கும் எந்தக் குணமாக இருந்தாலும், தாயினுடையது மகனுக்கு மட்டும், தகப்பனுடையது மகன் மகள் இருவருக்கும். இறகில் வெள்ளைக் கோடு போடும் மரபணு இசட்டில்தான் இருக்கிறது. உங்கள் சிவப்புச் சேவலுக்குக் கோடு இல்லை. வரிக்கோழிக்கு இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தால் மகன்கள் எல்லாருக்கும் கோட்டு மரபணு போகும், மகள்கள் ஒருவருக்கும் போகாது. ஒரு நாள் குஞ்சில் அந்த மரபணு கோடாகத் தெரியாது. உச்சந்தலையில் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ ஒரு பொட்டாகத் தெரியும். கறுப்புப் பஞ்சுக் குஞ்சு, தலையில் பொட்டு இருந்தால் சேவல், பொட்டில்லாமல் முழுக்கறுப்புத் தலை என்றால் பெட்டை. எதையும் அழுத்த வேண்டாம், விரிக்க வேண்டாம், நின்றபடி குனிந்து பார்த்தாலே போதும்.

முதல் உலகப் போர்க் காலத்திலேயே, தீவனம் தட்டுப்பாடாக இருந்தபோது, இந்த வழியைக் கேம்பிரிட்ஜின் மரபியலாளர் பன்னெட் பரிந்துரைத்தார். பிறகு 1929-இல் அவரும் பீஸ் என்பவரும் இன்னொரு படி மேலே போய், கலப்பு செய்யாமலே, தன் இனத்துக்குள்ளேயே குஞ்சின் நிறத்தில் பால் தெரியும் ‘கேம்பார்’ என்ற இனத்தை உருவாக்கினார்கள்.

நீங்கள் செய்யும்போது சில இடங்களில் சறுக்கலாம். வரிக்கோழியின் முட்டையை மட்டும் தனியே அடை வைக்க வேண்டும். அதன் முட்டை எது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் முட்டையின் வடிவம் உங்களுக்கு உண்மையிலேயே உதவும். ஒரு வாரம் அதைத் தனியே அடைத்து, அதன் முட்டையின் நிறம், அளவு, வடிவம் மூன்றையும் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். முட்டை யாருடையது என்பதை வடிவம் சொல்லும், உள்ளே யார் என்பதைத்தான் சொல்லாது. வேறு சேவல் ஏதாவது அண்மையில் அதோடு திரிந்திருந்தால் மூன்று வாரம் விட்டுவிட்டு முட்டை சேருங்கள். சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். குஞ்சு வந்ததும் தலையை மட்டும் பாருங்கள். கறுப்புக் குஞ்சுகளுக்கு வயிற்றிலும் இறக்கை நுனியிலும் வெளுப்பு இருப்பது சகஜம், அது கணக்கில் வராது. உங்கள் கோழிகள் கலப்பாக இருப்பதால் சில குஞ்சுகள் பழுப்புக் கோட்டுப் பஞ்சோடு பிறக்கலாம். அவற்றில் பொட்டு சரியாகத் தெரியாது, அவற்றை ‘தெரியாது’ என்ற கூட்டத்தில் போடுங்கள். அப்புறம், பலரும் விழும் குழி: இப்படிப் பிறந்த குஞ்சுகளை வளர்த்து அவற்றையே ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்த தலைமுறையில் பொட்டு எதையும் சொல்லாது. வரிச்சேவலைக் கோடில்லாத பெட்டையோடு சேர்த்தாலும் பலிக்காது. தகப்பனுக்கு இரண்டு இசட்டிலும் கோடு இருந்தால் மகன் மகள் எல்லாருக்கும் பொட்டு வந்துவிடும். திசை முக்கியம். கோடு தாயிடம்தான் இருக்க வேண்டும்.

கறுப்புப் பெட்டைகளின் முட்டையில் இந்தச் சேவலை வைத்து எதுவும் பிரிக்க முடியாது. அதற்கு வழி தேட வேண்டாம், பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்தக் கணக்கு, குஞ்சு வாங்கும்போதும் உதவும். பொரிப்பகத்தில் ‘பிரித்தது’ என்று சொன்னால் எதைப் பார்த்துப் பிரித்தது, இறகா, நிறமா, எச்சத்துவாரமா என்று கேளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருக்கும் என்று சொன்னால், 20 குஞ்சில் இரண்டு சேவல் வந்ததற்குச் சண்டைக்குப் போக முடியாது. முட்டைக்கோழிப் பண்ணைகளில் சேவல் குஞ்சுகளை முதல் நாளே கொன்றுவிடும் வழக்கம் இருப்பதால், இப்போது முட்டைக்குள் இருக்கும்போதே பால் பார்க்கும் கருவிகள் வந்திருக்கின்றன. சில, ஓட்டில் நுண்ணிய துளையிட்டு ஒரு சொட்டு நீர் எடுத்து ஹார்மோனைப் பார்க்கும். சில, ஒளியை ஊடுருவ விட்டுக் கருவின் இறகு நிறத்தைப் பார்க்கும். ஜெர்மனியில் 2022 தொடக்கத்திலிருந்து குஞ்சுகளைக் கொல்வது சட்டப்படி தடை. இவையெல்லாம் பெரும் பண்ணைகளின் சமாசாரம். விலையுயர்ந்த ஒற்றைப் பறவை என்றால் ஒரு சொட்டு இரத்தத்திலோ பிடுங்கிய இறகிலோ டி.என்.ஏ. சோதனை செய்து எந்த வயதிலும் உறுதியாகச் சொல்லிவிடலாம். 14 குஞ்சுகளுக்கு அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த 14-ஐப் பற்றி. 20 நாள் என்பது நல்ல வயது, இன்னும் கொஞ்சம்தான். இன்றைக்கே ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிறத்தில் கால்வளையம் போட்டு, உங்கள் ஊகத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான்காம் வாரத்திலிருந்து கொண்டையைப் பாருங்கள். சேவலின் கொண்டை தடித்து, இளஞ்சிவப்பு ஏறத் தொடங்கும், கன்னத்துக்குக் கீழே தாடியும் துளிர்க்கும். பெட்டையுடையது மஞ்சளாய், மெலிந்து, அப்படியே கிடக்கும். ஆறாம் வாரத்தில் பெரும்பாலானவற்றைக் கையைக் காட்டிச் சொல்லிவிடலாம். ஒரே நாளில் பொரித்த, ஒரே தாயின் குஞ்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒரு குஞ்சைத் தனியே தூக்கிப் பார்த்து முடிவு சொல்வது வீண். வரிசை வரிசையாகச் சிறு முத்துகள் அடுக்கியதுபோலத் தாழ்ந்த கொண்டை உள்ள இனங்களில் உயரத்தைப் பார்க்காதீர்கள், நடு வரிசையின் அகலத்தையும் சிவப்பையும் பாருங்கள். வால் இறகு பெட்டைக்கு முந்தும், சேவலின் வால் கொஞ்ச நாள் மொட்டையாக நிற்கும். இதைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சை நிமிர்த்தி நிற்பது, ஒன்றையொன்று முட்டுவது இவற்றை நம்பாதீர்கள். சின்ன வயதில் பெட்டைகளும் சண்டைக்கு நிற்கும். கால் முள்ளும் அப்படித்தான். கூவல் என்றால் பெரும்பாலும் சேவல்தான், ஆனால் கூவாதது எல்லாம் பெட்டை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டத்தில் ஓங்கியவன் கூவத் தொடங்கினால் அடங்கிப் போகிறவர்கள் வாய் திறக்க மாதக்கணக்காகும்.

ஆறு வாரத்திலும் சந்தேகம் தீராதவற்றுக்குப் பத்து, பன்னிரண்டு வாரம் வரை காத்திருந்து, வாலுக்கு முன்னால் இடுப்பில் விழும் இறகுகளைப் பிரித்துப் பாருங்கள். நுனி வட்டமாக இருந்தால் பெட்டை. ஒடுங்கி, ஈட்டிபோலக் கூராக, பளபளத்துக்கொண்டு வந்தால் சேவல். என்னைக் கேட்டால், கண்ணால் பார்த்துச் சொல்லும் அடையாளங்களில் இதைவிட நம்பகமானது இல்லை. கொண்டையைவிட இதற்கு ஏன் மதிப்புக் கொடுக்கிறேன் என்றால், இரண்டையும் இயக்கும் ஹார்மோன்கள் வேறு. கொண்டை ஆண் ஹார்மோனால் வளர்வது. சில பெட்டைகளுக்கு அது சற்று முந்திக்கொண்டு சிவக்கும், நோஞ்சான் சேவலுக்குப் பிந்தும். இறகு அப்படி இல்லை. கூரான இறகுதான் கோழிக்கு இயல்பு. அதை வட்டமாக்குவது பெண் ஹார்மோன். அதனால்தான் காயடித்த சேவலுக்குக் கொண்டை சுருங்கினாலும் இறகின் மினுக்கு குறைவதில்லை. விதிவிலக்கு உண்டு. செப்ரைட் என்ற குட்டி இனத்தில் சேவலுக்கும் பெட்டை இறகுதான், அதன் தோலே ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகிறது. உங்கள் கொல்லையில் அது இல்லை.

சேவல்கள் தெரிந்ததும் தனியே பிரித்துவிடுங்கள். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும், இருப்பதே உங்களுக்கு அதிகம். பிரித்த பிறகு முட்டையிடும் கோழிக்கான தீவனத்தை அவற்றுக்கும் வளரும் குஞ்சுகளுக்கும் போடாதீர்கள். அதிலுள்ள கூடுதல் சுண்ணாம்புச் சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கால்வளையத்தை வாரம் ஒரு முறை தடவிப் பாருங்கள். குஞ்சின் கால் தடிக்கும் வேகத்தில் வளையம் சதைக்குள் இறங்கிவிடும், அப்படி இறங்கியதை வெட்டி எடுக்க என்னிடம் வந்தவர்கள் உண்டு.

கூவும் கறுப்புப் பெட்டை: மேலே சொன்ன ஹார்மோன் கதைதான் அதற்கும். பெட்டைக்கு இடப்பக்கச் சூலகம் மட்டுமே வேலை செய்யும், வலப்பக்கத்தில் ஒரு மிச்சம் மட்டும் தூங்கிக் கிடக்கும். கட்டியாலோ தொற்றாலோ இடப்பக்கம் கெட்டுப்போனால் பெண் ஹார்மோன் வற்றும், வலப்பக்க மிச்சம் விழித்து ஆண் ஹார்மோனைச் சுரக்கலாம். கொண்டை பெருக்கும், கூவும், அடுத்த இறகு உதிர்வுக்குப் பிறகு இடுப்பில் கூரான இறகும் முளைக்கும். மரபணுவில் அது பெட்டையேதான், அதை வைத்துக் குஞ்சு எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தருவது கூவல் அல்ல, முட்டை நின்றது. இரவில் கூட்டில் அடைந்ததும் கையில் எடுத்து, கால்களுக்கு நடுவே அடிவயிற்றைத் தடவிப் பாருங்கள். கெட்டியாகவோ, தண்ணீர்ப் பைபோலத் தளதளவென்றோ இருந்தால், நடை வாத்துபோல அகன்றிருந்தால், தள்ளிப்போடாமல் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். வயிறு தொளதொளவென்று, தீனி எடுத்துக்கொண்டு, சுறுசுறுப்பாக இருந்தால் கூவிக்கொண்டு போகட்டும், விடுங்கள்.